தோடம்பழ நிற நட்சத்திரம்

யோகலிங்கம் நடை பழகுமுன்பே தாய் அன்னலட்சுமி கண்ணை மூடிவிட்டாள். அவனைத் தூக்கி வளர்த்தது அக்கா தங்கரத்தினம்தான். அவள் கலியாணம் முடித்துத் தம்பலகாமத்துக்கு வந்தபோது அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அதைச் சொல்லிச் சொல்லியே அவளுடைய புருசன் சிவகுருநாதன் சிரிப்பார்.

"சீதனம் கேட்டன். ஒரு மச்சானைத் தந்து அனுப்பிப்போட்டாங்கள்."

வளர்ந்த பிறகு யோகலிங்கம் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய், லாபிர் என்பவரின் கொமினிகேஷன் கடையில் வேலைக்கு நின்றான். முதலில் ரேடியோ திருத்தினான். பிறகு ரீவி. பிறகு கொம்பியூட்டர். எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் திறக்குமுன் அதன் நெற்றியில் ஒரு பொட்டு விபூதி வைத்து "சிவசிவா" என்பான். லாபிர் நானா பகிடி பண்ணுவார்.

"யோகு, நீ மந்திரிச்சுத்தான் திருத்துறாய் எண்டு சனம் நம்பப்போகுது. நாளைக்கு நூல் கட்டுறதுக்கும் எங்கட கடைக்குத்தான் வருவாங்க."

யோகலிங்கம் சிரிப்பானே தவிர மறுமொழி சொல்லமாட்டான். வாய் குறைந்த பிள்ளை. மனதில் உள்ளதைக் கையால்தான் காட்டுவான். அக்காவுக்குச் சுகமில்லை என்று கேட்டால் "எப்படி இருக்கு" என்று கேட்கத் தெரியாது. வந்து கூரை ஏறி ஓடு மாற்றிவிட்டுப் போவான்.

தங்கரத்தினத்தின் ஒரே மகள் கலியாணமாகி டென்மார்க்குக்குப் போனபோது வீடு வெறிச்சோடியது. அப்போதுதான் யோகலிங்கம் அக்கா வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்தான். கடையில் கழித்துப் போட்டவற்றில் பெட்டி ஒன்றிலிருந்து, திரை இன்னொன்றிலிருந்து, விசைப்பலகை வேறொன்றிலிருந்து என்று தேடிச் சேர்த்துப் பூட்டியது. ரெலிபோன் வயரைக் கொழுவினால் மகளின் கடிதமும் படமும் வரும். நல்ல நாளில் குரலும் விட்டு விட்டு வரும்.

அந்தக் காலத்தில் எல்லார் வீட்டுக் கொம்பியூட்டரிலும் காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளின் கள்ளக் கொப்பிதான் ஓடியது. யோகலிங்கம் தன் சனத்தின் வீட்டுக்குள் அதை எடுக்கமாட்டான். அக்கா வீடு, பட்டினத்தில் ஒரு பெரியம்மா வீடு, தன் வீடு, மூன்றிலும் லினக்ஸ்தான் போட்டான்.

"அதென்னடா அது?" என்று அக்கா கேட்டாள்.

"ஊர் பேர் தெரியாத ஆக்கள் எல்லாருமாய்ச் சேர்ந்து செய்து சும்மா குடுக்கினம், அக்கா. அன்னதானம் மாதிரி. களவுச் சோத்தை விட அன்னதானச் சோறு மேலெல்லோ."

சிவகுருநாதன் விடவில்லை. "சும்மா குடுக்கிற மாட்டில பல்லைப் பாக்கக்கூடாது. ஆனா சாணி அள்ளவேணுமே மச்சான், அது ஆர்?"

"அது நான் வந்து அள்ளுறன், அத்தான்."

அப்படித்தான் தொடங்கியது. அந்த லினக்ஸைச் செய்தவர்கள் அதை நெடுகத் திருத்திக்கொண்டே இருப்பார்களாம். எங்கேயாவது ஓட்டை கண்டால் அடைப்பார்களாம். அந்தத் திருத்தம் வந்திருக்கிறது என்றால் திரையின் மேல் மூலையில் தோடம்பழ நிறத்தில், செம்மஞ்சளாக, ஒரு சின்ன நட்சத்திரம் தோன்றும். யோகலிங்கம் அக்காவுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டான்.

"அக்கா, அந்த நட்சத்திரம் வந்தா நீங்கள் அமத்தாதைங்கோ. எனக்கு ஒரு போன் எடுங்கோ. நான் வந்துதான் அதைச் செய்யவேணும். வராமல் ஏலாது."

தங்கரத்தினம் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் விளங்கவேண்டி இருக்கவில்லை. நட்சத்திரம் வந்தால் தம்பி வருவான். அவ்வளவுதான் அவள் பிடித்துக்கொண்டது. விடிய எழும்பி முற்றம் கூட்டி, சுவாமிக்கு விளக்கு வைத்துவிட்டு, அடுத்தபடி கொம்பியூட்டரைப் போட்டு மேல் மூலையைப் பார்ப்பாள். நட்சத்திரம் இல்லாத நாளில் முகம் சற்று வாடும். வந்துவிட்டால் போனுக்கு ஓடுவாள்.

"டேய், நட்சத்திரம் வந்திட்டுது. வாடா."

"ஓம் அக்கா. ஞாயிறு வாறன்."

ஞாயிறு காலையில் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வரும் அஸீம் படலையில் கோர்ன் அடிப்பான். மற்ற நாளில் சூடை, கீரி என்று சின்ன மீன் எடுப்பவள் அன்று மட்டும் கொடுவா கேட்பாள். தம்பலகாமக் குடாவில் பிடித்த கொடுவா யோகலிங்கத்துக்கு உயிர்.

"என்னக்கா, கொடுவா? பட்டினத்து மாப்பிள்ளை வாறாரோ?" என்று அஸீம் கேட்பான்.

"ஓமடா. நீ செவுளைக் காட்டு முதல். போன முறை ஐஸில கிடந்ததைத் தந்து ஏமாத்தினனீ."

"அல்லாட காவல், அக்கா! விடியப்புறம் துள்ளினது. உங்கட தம்பிட பேரைச் சொன்னா, வெட்டின மீனும் துள்ளும்."

யோகலிங்கம் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவான். சில ஞாயிறில் மனைவி கமலேஸ்வரியும் கூட வருவாள். வந்ததும் கிணற்றடியில் கால் கழுவி, பையிலிருந்து கோணேசர் கோயில் விபூதிப் பொட்டலத்தை எடுத்து அக்காவிடம் கொடுப்பான். பிறகு ஒரு சீலைத்துண்டில் சுற்றிய சிடியை எடுத்துக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பான். "சிவசிவா" என்று நட்சத்திரத்தை அமத்துவான். எழுத்துகள் எறும்பு வரிசைபோலத் திரையில் ஊர்ந்து மேலே போகும். அது முடியும்வரை வீட்டில் ஒருவரும் மெயின் சுவிட்சுக்குக் கிட்டப் போகக்கூடாது. ஒருமுறை சிவகுருநாதன் தண்ணி மோட்டர் போடப் போக, யோகலிங்கம் பதறி எழும்பினான்.

"அத்தான், அத்தான்! பாதியில கரண்ட் போனா பேந்து எழும்பாது!"

"பிரசவ வீடு மாதிரியெல்லோ கிடக்கு," என்று சொல்லிவிட்டு அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனார்.

எழுத்து ஓடி முடிந்தபிறகும் யோகலிங்கம் எழும்பமாட்டான். அக்காவுக்குக் கண் மங்கல் என்று எழுத்தைப் பெருப்பித்து வைப்பான். திரையில் கோணேசர் மலையின் படத்தை அவன்தான் போட்டுவைத்தான். மகளின் கடிதம் திறக்கும் இடத்துக்கு ஒரு தாமரைப் பூ அடையாளம் போட்டான். அதற்குள் குசினியில் கொடுவாக் குழம்பு கொதித்துவிடும். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அக்காவுக்குச் சாப்பாடு.

இரண்டாயிரத்தாறாம் ஆண்டு சண்டை திரும்ப மூண்டு ஊர் மாறிப்போனது. மூதூர்ப் பக்கத்துச் சனம் பிள்ளைகுட்டியோடு தம்பலகாமத்தைத் தாண்டிக் கந்தளாய்ப் பக்கம் ஓடியது. சம்பூரில் ஒரு வீடும் மிஞ்சவில்லை என்று சொன்னார்கள். கண்டி றோட்டில் சோதனைச் சாவடிக்கு மேல் சாவடி வந்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மறுபக்கத்தில் ஏறவேண்டும். பின்னேரமானால் றோட்டில் நாயும் இல்லை. யோகலிங்கத்தின் வரவும் குறைந்தது. தங்கரத்தினம் விளக்கேற்றும்போது ஊர்க் கோயில் ஆதிகோணநாயகரிடம் வேறொன்றும் கேட்பதில்லை. றோட்டில் போகிற பிள்ளைகளைக் காப்பாற்று என்று மட்டும் கேட்பாள்.

மாரி தொடங்கும் நேரம் ஒருநாள் நட்சத்திரம் வந்தது. அவள் போன் எடுத்தாள்.

"அக்கா, இப்ப றோட்டு சரியில்லை," என்றான் யோகலிங்கம். "நட்சத்திரம் நிண்டா நிக்கட்டும். ஒண்டும் ஆகாது. கொஞ்சம் பொறுத்து வாறன்."

"நீ இப்பிடிச் சொல்லிச் சொல்லி எத்தினை மாசம்? உன்ர முகத்தைப் பாத்து எவ்வளவு காலமடா?"

"இல்லை அக்கா..."

"அஸீமிட்டயும் சொல்லிப்போட்டன், கொடுவா கொண்டு வா எண்டு. ஒரு நாளைக்கு வந்திட்டுப் போனா என்ன குறைஞ்சு போகுது உனக்கு?"

அந்தப் பக்கம் அவன் சிரிப்பது கேட்டது.

"சரி சரி. ஞாயிறு வாறன்."

ஞாயிறு அஸீம் வந்தான், மீன் வந்தது. பத்து மணி பஸ் வந்தது. யோகலிங்கம் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் வரவில்லை. குழம்பு ஆறிப்போன நேரத்தில் சந்திக் கடைக்காரர் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவன் வழக்கமாய் இறங்கும் இடம் என்று பஸ் கொண்டக்டர் இறக்கிவிட்டுப் போனாராம். சாவடியில் எல்லாரும் இறங்கி நடந்தார்களாம். திரும்ப ஏறும்போது இந்தப் பை இருந்த சீற்றுக்கு மட்டும் ஆள் வரவில்லையாம். பஸ்ஸை நிறுத்திவைக்க விடவில்லையாம். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

தங்கரத்தினம் பையைத் திறந்தாள். விபூதிப் பொட்டலம் இருந்தது. சீலைத்துண்டில் சுற்றிய சிடி இருந்தது. பை வந்து சேர்ந்துவிட்டது. ஆள் வரவில்லை.

அதன் பிறகு ஏறாத படி இல்லை. கமலேஸ்வரி அவனுடைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பொலிஸ், முகாம் என்று கந்தோர் கந்தோராக அலைந்தாள். லாபிர் நானா தன் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு கூடப் போனார். எங்கே கேட்டாலும், அப்படி ஒருவரை நாங்கள் காணவில்லை என்ற ஒரே மறுமொழிதான். இருக்கிறான் என்றும் ஒருவர் சொல்லவில்லை, இல்லை என்றும் ஒருவர் சொல்லவில்லை.

செத்தவனுக்கு எட்டாம் நாள் உண்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. காணாமற்போனவனுக்கு என்ன செய்வது? சாத்திரம் பார்த்தவர் ஒருவர் கிழக்கே இருக்கிறான் என்றார். கிழக்கே கடல்தான் இருக்கிறது. சொந்தக்காரர் சிலர், "அந்தியேட்டியைச் செய்தாலாவது ஆத்துமா சாந்தியடையும்" என்று மெல்லக் கதை விட்டார்கள். அடுத்த நாள் கமலேஸ்வரி முன்பைவிடப் பெரிய குங்குமப் பொட்டோடு கோயிலுக்கு வந்தாள். அதற்குப் பிறகு அவளிடம் ஒருவரும் அந்தக் கதை எடுக்கவில்லை.

தங்கரத்தினத்துக்கு வேறு நெருப்பு. "நான் கூப்பிட்டுத்தானே வந்தவன்" என்பதே அவளுக்கு எந்த நேரமும். அவன் வேண்டாம் என்றான். அவள்தான் கொடுவாவைச் சொல்லி இழுத்தாள். இதை அவள் புருசனிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் அவள் அந்த றோட்டால் போகவில்லை. நல்லது கெட்டது எதற்கும் பட்டினப் பக்கம் போகவில்லை.

கொம்பியூட்டர் மூலையில் நட்சத்திரம் நின்றது. நிற்கட்டும் என்று அவனே சொன்னான் அல்லவா? அவள் நாளும் திரையைத் துடைப்பாள். துடைக்கும்போது அந்த மூலைக்கு வந்ததும் கை தானாக மெதுவாகும். அது நிற்கும்வரை அவன் வரவேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குள் ஒரு கணக்கு. வேலை மிச்சம் வைத்துவிட்டுப் போகிற பிள்ளையில்லை அவன்.

இரண்டு மாரி போனது. கொம்பியூட்டர் கிழடு தட்டியது. ஒருநாள் தாமரைப் பூவை அமத்தினாள். மகளின் கடிதம் திறக்கவில்லை. இங்கிலீசில் ஏதோ வந்தது. சிவகுருநாதன் எழுத்துக் கூட்டிப் பார்த்து, "இது பழசாய்ப் போச்சாம், புதுசு போட்டுக்கொண்டு வரட்டாம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ரெலிபோனில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

"படம் அனுப்பியிருக்கிறன் அம்மா, பாத்தனீங்களோ? எல்லாரும் மாமான்ர சாயல் எண்டு சொல்லுகினம்."

"பாக்கிறன், பிள்ளை. பாக்கிறன்," என்று சொல்லி வைத்துவிட்டுத் தங்கரத்தினம் கதிரையில் குந்திக்கொண்டாள்.

"பட்டினத்துக்குப் போய் லாபிர்ட கடையில பாத்திட்டு வருவம்," என்றார் சிவகுருநாதன்.

"நான் அந்த றோட்டால வரமாட்டன்."

"அப்ப ஒராளைக் கூட்டிக்கொண்டு வாறன்."

கந்தளாயிலிருந்து ஒரு ரெக்னீசியனைக் கூட்டி வந்தார். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா, இதென்ன லினக்ஸ் எல்லாம்? எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு நல்லதாய் ஒண்டு போட்டுத்தாறன்" என்றான்.

"என்னத்தை அழிக்கப் போறாய்?"

"எல்லாத்தையும்தான்."

"தம்பி, தேத்தண்ணி குடிச்சனீயெல்லோ? போய்ட்டு வா," என்றாள் தங்கரத்தினம். அவன் படலையைத் தாண்டியதும் கொம்பியூட்டரின் மேல் சீலையை இழுத்து மூடினாள். சிவகுருநாதனுக்குக் கோபம் வந்தது.

"பேரப்பிள்ளையின்ர முகம் வேண்டாமோ உனக்கு? ஒரு நட்சத்திரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கப்போறியோ?"

அவர் வெளியே போய்க் கைபோனில் யாருடனோ கதைத்தார்.

அடுத்த ஞாயிறு பத்து மணி பஸ்ஸில் கமலேஸ்வரி வந்து இறங்கினாள். மெலிந்து போயிருந்தாள். குங்குமம் அப்படியே இருந்தது. கிணற்றடியில் கால் கழுவினாள். பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிறகு சீலைத்துண்டில் சுற்றிய ஒரு சிடியை எடுத்தாள்.

"அண்ணை போன் எடுத்துச் சொன்னவர், மச்சாள்," என்றாள் கமலேஸ்வரி. "பழசை அழிக்காமல் புதுசாக்கிற சிடி இது. லாபிர் நானான்ர கடையில எடுத்தனான்."

"உனக்கு இது தெரியுமோ?"

"பக்கத்தில இருந்து பாத்துப் பாத்துப் படிச்சனான். எங்கட வீட்டு மெசினையும் பெரியம்மான்ர மெசினையும் இவ்வளவு நாளும் நான்தான் செய்யிறன்."

தங்கரத்தினம் எழும்பி நின்றுவிட்டாள்.

"அப்ப... அங்க ரெண்டு வீட்டிலயும் நட்சத்திரத்தை அமத்திப்போட்டியோ?"

"ஓம்."

"எப்பிடியடி மனம் வந்தது? வந்து செய்ய இருந்தவன்ர வேலையை நீ முடிச்சு வைச்சா, அவன் இனி வரமாட்டான் எண்டெல்லோ கருத்து? பொட்டு வைச்சிருக்கிறாய், உள்ளுக்க நீ அந்தியேட்டி முடிச்சிட்டியோ?"

சொன்ன பிறகுதான் சொல் எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்குத் தெரிந்தது. சிவகுருநாதன், "இஞ்சேர், வாயை மூடு" என்றார். கமலேஸ்வரி அழவில்லை. சிடியை மடியில் வைத்து, சீலைத்துண்டின் மூலையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"நான் அப்பிடி நினைக்கேல்லை, மச்சாள்," என்றாள் மெல்ல. "அவர் வந்தா முதல் என்ன கேப்பார்? 'மெசின் எப்பிடிக் கிடக்கு' எண்டுதான் கேப்பார். அவற்ர சேட்டுகளை நான் மாசத்தில ஒருக்கால் தோய்ச்சு மடிக்கிறன். அவர் இல்லையெண்டோ தோய்க்கிறன்? வந்தாப் போடட்டும் எண்டுதானே. இதையும் அப்பிடித்தான் செய்யிறன். வந்து பாக்கேக்க பாழடைஞ்சு கிடந்தா, எனக்கெல்லோ ஏசுவார்."

"அவன் ஏசமாட்டான்," என்றாள் தங்கரத்தினம். "அவனுக்கு ஏசத் தெரியாது."

இரண்டு பேரும் அப்போதுதான் அழுதார்கள். சிவகுருநாதன் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

பிறகு கமலேஸ்வரி பெட்டியின் நெற்றியில் விபூதி வைத்தாள். "சிவசிவா" என்றாள். மச்சாளின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தங்கரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

எறும்பு வரிசை ஓடத் தொடங்கியது. மத்தியானம் தாண்டியும் ஓடியது. வாசலில் யாரோ வந்து கூப்பிட, சிவகுருநாதன் மெயின் சுவிட்சுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தபடியே, "பிறகு வாங்கோ, இப்ப எழும்பேலாது" என்றார். முடிந்து, திரை ஒருமுறை இருண்டு, திரும்ப வெளிச்சமானது. தங்கரத்தினம் பயந்து பயந்து கண்ணைத் திறந்தாள். கோணேசர் மலை நின்றது. பெருப்பித்த எழுத்துப் பெரிதாகவே இருந்தது. தாமரைப் பூ இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் வைத்தது வைத்தபடி. மேல் மூலை மட்டும் வெறுமையாக இருந்தது.

தாமரைப் பூவை அமத்தினார்கள். கடிதம் திறந்தது. பிள்ளை வந்தான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு.

"பேசாத வாய்," என்றார் சிவகுருநாதன். "அவனேதான்."

தங்கரத்தினம் திரையில் கன்னத்தைத் தொட்டாள். கண்ணாடி சூடாக இருந்தது.

கமலேஸ்வரி பின்னேர பஸ்ஸுக்குப் போனாள். அவள் பட்டினம் போய்ச் சேர்ந்து போன் எடுக்கும்வரை தங்கரத்தினம் சுவாமி அறையை விட்டு வெளியே வரவில்லை.

சில கிழமை கழித்து ஒரு ஞாயிறு விடிய, முற்றம் கூட்டி, விளக்கு வைத்து, கொம்பியூட்டரைப் போட்டாள். மேல் மூலையில் தோடம்பழ நிறத்தில் நட்சத்திரம் நின்றது.

அவளையறியாமல் கால் போன் பக்கம் ஓடியது. போனைத் தொட்டபிறகுதான் நின்றாள். யாரைக் கூப்பிடுவது? அவன் இல்லாமலே அது வந்திருக்கிறது. அவன் இருந்தபோதும் அது தன்பாட்டில்தான் வந்திருக்கிறது. இவ்வளவு காலமும் அது அவனைக் கொண்டு வருகிறது என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அது ஒருவரையும் கொண்டு வரவில்லை. கூப்பிட்டது அவள்.

"நட்சத்திரம் வந்திட்டுது போல," என்றார் பின்னால் வந்த சிவகுருநாதன். "கமலேஸ்வரிக்குச் சொல்லன். வருவாள்."

"வேண்டாம். இனி நான் ஒருத்தரையும் அந்த றோட்டில கூப்பிடமாட்டன்." முதல் தடவையாக அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். "நான் கூப்பிட்டுத்தானே அவன் வந்தவன். வேண்டாம் எண்டு சொன்னவன். நான்தான் கேக்கேல்லை."

சிவகுருநாதனுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. மடியிலிருந்த கைபோனை எடுத்துக் கமலேஸ்வரிக்கு அடித்து, மனைவியின் கையில் கொடுத்தார்.

"பிள்ளை, நட்சத்திரம் வந்திருக்கு," என்றாள் தங்கரத்தினம். "நீ வராதை. வராமல் செய்யிறதுக்கு ஒரு வழியும் இல்லையோ? அவன் சொன்னவன், வராமல் ஏலாது எண்டு."

பட்டினத்துக் காகம் கரைவது போனுக்குள் கேட்டது.

"மச்சாள்," என்றாள் கமலேஸ்வரி. "பெரிய மாத்தத்துக்குத்தான் சிடி வேணும். இந்தச் சின்ன நட்சத்திரத்துக்கு அவர் கொண்டுவந்த சிடியும் தேவையில்லை, ஒராளும் வரத் தேவையில்லை. ரெலிபோன் வயரிலயே அது இறங்கும். ரெண்டு இடத்தில அமத்தினாச் சரி. அவர் உங்களுக்குப் போனிலயே சொல்லித் தந்திருக்கலாம்."

"அப்ப ஏன்..."

"நானும் கேட்டனான் ஒருக்கால். சொல்லிக் குடுத்தா அக்கா தானாச் செய்துபோடுவா, பேந்து நான் என்ன சாட்டுச் சொல்லிப் போறது எண்டவர்."

தங்கரத்தினமும் அவனைப் பார்க்கத்தான் நட்சத்திரத்தைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவனும் அவளைப் பார்க்கத்தான் நட்சத்திரத்தைச் சொல்லி வந்தான். சும்மா வா என்று இவள் சொன்னதில்லை. சும்மா வாறன் என்று அவனும் சொன்னதில்லை.

"மச்சாள்? இருக்கிறியளோ?"

"இருக்கிறன், பிள்ளை. எங்க அமத்தவேணும், சொல்லு."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். விபூதி வைத்தாள். கமலேஸ்வரி சொல்லச் சொல்ல நட்சத்திரத்தை அமத்தினாள். ஒரு பெட்டி திறந்து கடவுச்சொல் கேட்டது.

"அது உங்கட அம்மான்ர பேர்தான், மச்சாள். இங்கிலீஸ் எழுத்தில. நான் ஒவ்வொண்டாச் சொல்லுறன்."

ஒரு விரலால் தாயின் பெயரைத் தேடித் தேடி அமத்தினாள். தான் முகம் அறியாத தாயின் பெயரைத் தம்பி இத்தனை காலம் இந்தப் பெட்டிக்குள் வைத்திருந்தான். எழுத்துக்குப் பதிலாகக் கறுத்தப் புள்ளிகள் வந்து வரிசையாக நின்றன. பிறகு எறும்பு வரிசை ஊரத் தொடங்கியது.

"முடியும்வரைக்கும் மெயின் சுவிட்சில..." என்று தொடங்கினாள் கமலேஸ்வரி.

"தெரியும், பிள்ளை."

சிவகுருநாதன் சொல்லாமலே தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு சுவிட்சுக்கு முன்னால் போய் இருந்தார். எழுத்துகள் மேலே மேலே போயின. தங்கரத்தினம் மடியில் கையைக் கட்டிக்கொண்டு, அவன் அதன் முன்னால் இருக்கிற மாதிரியே, கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி போனதும் நட்சத்திரம் போய்விட்டது. மலையும் வானமும் மட்டும் இருந்தன.

படலையில் கோர்ன் சத்தம் கேட்டது. அஸீம். அவன் இப்போதெல்லாம் பகிடி விடுவதில்லை. கோர்னும் ஒருமுறைதான் அடிப்பான். தங்கரத்தினம் சட்டியோடு போனாள்.

"அக்கா, இன்டைக்கு நல்ல கொடுவா ஒண்டு இரிக்கு," என்றான் நிலத்தைப் பார்த்தபடி. "எடுக்கிறீங்களா?"

அவள் மீனைப் பார்த்தாள். செவுள் இரத்தச் சிவப்பாக இருந்தது.

"வேண்டாம், அஸீம்," என்றாள். "சூடை இருந்தாத் தா. இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை."